ஆடி போக மீதி

எங்கள் ஊரின் பதினோரு மாதங்கள் எனக்கு, ஆடி மட்டும் அவருக்கு. யாரும் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கவில்லை, அப்படி அமைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கும் மேலாக வளைகுடாவில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒரு லீவு. அது தவறாமல் ஆடியில்தான் வரும். அங்கே அப்போது வெயில் உச்சத்தில் இருக்கும், மத்தியானத்தில் வெளியே நிறுத்தி வேலை வாங்க முடியாது, அதனால் கேட்டவுடன் கம்பெனி லீவு கொடுத்துவிடும். கூட இருந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடித்துக்கொள்வார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவும் வைக்காத ஆடியை யார் கேட்கப் போகிறார்கள்? இவர் சண்டைக்குப் போகாத மனிதர். மற்றவர்கள் ஒதுக்கியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஆகவே அவர் பார்த்த புதுக்கோட்டையில் எப்போதும் காற்று அடிக்கும். ராஜ வீதிகளில் புழுதி பறக்கும். வேப்பம்பழம் காலில் மிதிபட்டு நசநசக்கும். என் தையல் கடையில் ஆளே இருக்காது. ஆடியில் யாரும் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதில்லை; ஆவணி முகூர்த்தத்துக்கு மாதக் கடைசியில்தான் துணி வந்து குவியும், அதற்குள் அவர் விமானம் ஏறியிருப்பார். "எதுக்கு இந்தக் கடை? ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்துருக்க. மூடிரு" என்று வருடா வருடம் சொல்வார். அந்தக் கடையை வைத்துத்தான் மகளின் படிப்பில் பாதியைப் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தது ஈயை மட்டும்தான்.

ஆடிக்கும் எங்களுக்கும் உள்ள பகை கல்யாணத்தோடு தொடங்கியது. ஆனிக் கடைசியில் முகூர்த்தம். மஞ்சள் கயிற்றின் ஈரம் காய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை ஆடியில் சேர்த்து வைக்க மாட்டார்கள். என் அம்மா வந்து, தாம்பாளத்தில் சீரை வைத்து, என்னைக் கையோடு அழைத்துப் போய்விட்டார். என் அம்மா வீடு அன்னவாசல் பக்கம். அவருக்கு இருந்த லீவே அந்த மாதம்தான். அதில் அவர் தன் அம்மாவிடம் சித்தன்னவாசல் ஓவியம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கள் தெரு வழியாகப் போவார், எங்கள் தெரு வழியாகத் திரும்புவார். என் அம்மா வாசலில் நிற்க வைத்தே மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தக் குகையில் வரைந்திருக்கும் தாமரைக் குளத்தை அந்த ஆடியில் என் வீட்டுக்காரரைப் போல அடிக்கடி பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. மாதம் முடிந்து நான் திரும்பி வந்தபோது அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கேட்டார், "போகட்டுமா?" என்று. என்ன சொல்வது? புதுப்பெண். "உங்க இஷ்டம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் 'உங்க இஷ்டம்' என்றால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. பெண்கள் அதை எதற்குச் சொல்வார்கள் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும், பல ஆண்களுக்கும் தெரியும். இவர் அதைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஆடிக் கடைசியிலும் அவர் அதையே கேட்பதும் நான் அதையே சொல்வதும் வழக்கமாகிவிட்டது. கடைசிவரை எனக்கு ரோஷம். கேட்டு வாங்கிக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

மீதி பதினோரு மாதத்தை நான் வீணாக்கவில்லை. சர்க்கரை வந்த புண்ணியத்தில் கடைக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் காலையும் மாலையும் நடக்கத் தொடங்கினேன். பெரிய பூங்கா இல்லை. ஒரு நடைபாதை, துருப்பிடித்த ஊஞ்சல், மரமல்லி, புங்கை, கொன்றை, மேற்கு மூலையில் ஒரு பெரிய வாகை. நடக்கிறவர்கள் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நான் பார்க்கிற ஆள். தைக்கிறவள் கண் சும்மா இருக்காது. எதிரே வருகிற அம்மாளின் ஜாக்கெட் தோள்பட்டையில் எங்கே இழுக்கிறது என்று பார்க்கும், அப்படியே மேலே போய் மரத்தையும் பார்க்கும். நாளாக ஆக, காலண்டரைப் பார்க்காமலே மாதத்தைச் சொல்ல வந்துவிட்டது. மரமல்லி உதிர்ந்து பாதை வெள்ளையாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை. 'டொக் டொக்' என்று குக்குறுவான் பறவை தட்டத் தொடங்கினால் தை போய் வெயில் வரப் போகிறது. கொன்றை மஞ்சளாகத் தொங்கினால் சித்திரை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க நூல் வாங்கி வைக்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஊர் என்றால் அது என்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்பது போல நடப்பேன்.

போன வருடம் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். இவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ஐப்பசியில் வந்து இறங்கினார். கல்யாணமான பிறகு ஆடி அல்லாத ஒரு மாதத்தில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மழையில் நனைந்துகொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கியவரைப் பார்த்தபோது யாரோ விருந்தாளி வந்தது போல இருந்தது, அதே சமயம் அழுகையும் வந்தது. "என்ன, இங்க இவ்வளவு மழை பெய்யுது?" என்றார். "ஐப்பசியில பெய்யாம எப்ப பெய்யும்?" என்றேன். வந்த முதல் நாளே நான்தான் இங்கே மூத்தவள் என்று காட்டிவிட்டேன்.

ஆனால் மனதுக்குள் பயம் இருந்தது. திரும்பி வந்த பலரையும் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் கறியும் மீனும் வாங்கித் தருவார்கள். இரண்டாம் மாதம் வீட்டுச் சுவரில் எங்கே விரிசல் என்று தேடுவார்கள். அதன் பிறகு விசா ஏஜெண்டுக்குப் போன் போடுவார்கள். இவரும் வந்த புதிதில் ஜெகதாப்பட்டினத்து மீன் வண்டி வந்துவிட்டதா என்று விசாரித்து மார்க்கெட்டுக்கு ஓடினார். பிறகு வீட்டில் இருக்கும் சுவிட்சுகளை எல்லாம் கழற்றி மாட்டினார், அவ்வப்போது ஏஜெண்டிடமும் பேசினார். அவர் கை வாட்ச் இன்னும் அந்த ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாற்றவே இல்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தினமும் பார்த்தேன்.

வீட்டில் வைத்திருந்தால் ஆகாது என்று மாலையில் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் நடந்துகொண்டிருக்கும்போது புதரிலிருந்து இரட்டை விசில் வந்தது. அவர் நின்றுவிட்டார்.

"யாரு கூப்புடுறா?"

"யாரும் கூப்புடல. ஆறுமணிக்குருவி. காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கத்தும்."

அவர் வாட்சைப் பார்த்தார். "மூணரைதானே ஆகுது."

"அது உங்க ஷேக்குக்கு மூணரை. குருவிக்கு ஆறு."

குனிந்து காட்டினேன். சருகுக்குள் அது தத்திக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, வால் மட்டும் துணி போதாமல் விட்டது போலக் குட்டை. என் கடையில் மிஞ்சிய வெட்டுத்துணியை எல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்தால் இப்படித்தான் வரும். "வடக்க இருந்து வரும். ஐப்பசி வாக்குல வந்து பங்குனி வரைக்கும் இங்கதான் இருக்கும்" என்றேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "இத்தனூண்டு குருவி, அதுவே அரை வருஷம் இருந்துட்டுப் போகுது" என்றேன். அவர் குருவியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மார்கழி போனது, தை போனது. நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். சூறைக்குருவிகள் கூட்டமாக வந்து ரோட்டோர ஆலமரத்தில் விழுந்து கத்துவதை, கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகளை, பனியில் புங்கை இலை சொட்டுவதை. அவர் "அப்படியா?" "ஓ" என்று கேட்டுக்கொண்டார். நல்ல மாணவன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

மாசியில் வாகை மரம் இலையை எல்லாம் கொட்டிவிட்டது. ஒரு பச்சை இல்லை. வெளுத்துக் காய்ந்த நெற்றுகள் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கும், காற்று பட்டால் மரம் முழுக்கச் சலசலக்கும். வருடா வருடம் அப்படித்தான், பங்குனியில் துளிர்த்துவிடும். ஆனால் என் வீட்டுக்காரர் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்த மரம் பட்டுப்போச்சு."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"ஆடியில நான் பாக்கும்போது எப்படிப் பச்சைப் பசேல்னு இருந்துச்சு. யாரும் தண்ணி ஊத்தல போல. இப்படியா ஒரு மரத்தைக் கொல்லுவாங்க?" என்று நடைபாதையில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டார். மறுநாள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் குழாயும் குடமும் எடுத்துக்கொண்டு வந்தார். மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டினார். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர். வளைகுடாவில் குழாய் பதிக்கிற வேலைதானே பார்த்தார், இணைப்பு எல்லாம் சொட்டு ஒழுகாமல் கொடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாளவில்லை. ஆடிக்காரர் அல்லவா, மாசி எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் முகத்தில், ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து இல்லாத ஒரு தெளிவு இருந்தது. ஏஜெண்டிடம் பேசுவதும் குறைந்தது. இந்த மரம் தன்னை நம்பி இருக்கிறது என்று அவர் நினைத்தால் நினைக்கட்டுமே. பூங்காவைக் கூட்டும் அக்காவிடம் போய், "யாரும் அவருகிட்ட எதுவும் சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு நாளில் நடக்க வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவரும் மூச்சு விடவில்லை. சிலர் "எப்படிங்க இருக்கு மரம்?" என்று நோயாளியை விசாரிப்பது போல விசாரித்துவிட்டும் போனார்கள்.

பங்குனி பிறந்தது. நார்த்தாமலை மாரியம்மனுக்குப் பூத்தட்டு எடுத்துக்கொண்டு நடந்து போகிறவர்களின் கூட்டம் ரோட்டில் தெரியத் தொடங்கிய வாரத்தில், வாகையின் கிளை நுனியில் இளம்பச்சை எட்டிப் பார்த்தது. பிறகு நாளுக்கு நாள் மேலே ஏறியது. கூட்டும் அக்கா ஓடி வந்து, "சார், உங்க கையாலதான் பொழச்சுச்சு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னார். என் வீட்டுக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார். "பின்ன?" என்றார். நான் புங்க மரத்தடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையில்தான் அந்தப் போன் வந்தது. அவரோடு முன்பு வேலை பார்த்தவர், இப்போது வேறு கம்பெனியில் சூப்பர்வைசர். நாங்கள் வாகைக்கு எதிரே இருக்கும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. புதிய சைட், நல்ல சம்பளம், விசா தயார், சித்திரைக்குள் வந்துவிட வேண்டும், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். "சொல்றேன்" என்று இவர் வைத்துவிட்டார்.

இந்த ஐந்தாறு மாதமாக நான் காட்டிய குருவி, பூ, பனி எல்லாம் ஒரு போனில் போய்விடும் போல இருந்தது. சித்திரையில் கொன்றை பூக்கும், வைகாசியில் புங்கம்பூ பாதையில் பொரி போல விழுந்து கிடக்கும், அதையெல்லாம் இன்னும் அவருக்குக் காட்டவே இல்லை. இப்போது போனால் திரும்ப எப்போது வருவார் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக்கு வருவார்.

"என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவருக்கு என் மேல் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று வந்தது. சத்தம் போடவில்லை, மடியில் சுருட்டி வைத்திருந்த குழாயைக் கீழே போட்டார்.

"இந்த வாகை மாசியில கொட்டும், பங்குனியில துளுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் எந்த ஊர்ல பொறந்தேன்? இதே மரத்துல ஏறி, இந்த நெத்தை ஒடிச்சு, கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனவன். ஆறுமணிக்குருவி தெரியாதா? சூறைக்குருவி தெரியாதா? நீ ஒவ்வொண்ணாக் காட்டும்போது அம்புட்டு சந்தோசமாக் காட்டுன. சரி, காட்டட்டும்னு இருந்தேன்."

இருபது வருடத்துக்கு மேல் நான் ஆடிக்காரர் என்று கேலி செய்த மனிதர், அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் பன்னிரண்டு மாதமும் இங்கேயே இருந்தவர் என்பது எனக்கு எப்படி மறந்து போனது?

"அங்க நாங்க தங்குற கேம்ப் வாசல்ல ஒரு வேப்பமரம் நின்னுச்சு" என்றார், குரல் இறங்கிவிட்டது. "அது பூத்தா, ஊர்லயும் பூத்திருக்கும்னு நெனச்சுக்குவேன். போன்ல ஒங்கிட்ட என்ன விசேஷம்னு கேப்பேன். நீ கரண்டு பில்லைச் சொல்லுவ, ஒழுகுற ஓட்டைச் சொல்லுவ. வேம்பு பூத்துச்சுன்னு ஒரு நாள் சொன்னதில்ல."

"அப்பறம் எதுக்கு அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துனீங்க?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"பட்டுப்போச்சுன்னு சும்மாதான் சொன்னேன், ஒன்னைச் சீண்ட. நீ வாயைத் தொறந்துட்டு மூடிக்கிட்ட. அப்பவே தெரிஞ்சுச்சு, இவ நம்மளை இங்கிட்டே நிப்பாட்டப் பாக்குறான்னு. சரி, இதை வச்சாவது நீ வாயால சொல்லுவன்னு பாத்தேன். ஊர்ல அத்தனை பேரையும் சேத்துக்கிட்டு நாடகம் போடத் தெரியுது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியல." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் என் இஷ்டம்னே சொன்ன. எனக்கு அங்க போறதுல என்னடி இஷ்டம்? ஒன் இஷ்டம் என்ன? அதைச் சொல்லு."

புதருக்குள்ளிருந்து ஆறுமணிக்குருவி கத்தியது. அந்த வருடத்தில் நான் அதைக் கேட்டது அதுதான் கடைசி என்று பிறகுதான் தெரிந்தது. நடக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்தும் பார்க்காதது போலக் கடந்து போனார்கள். இத்தனை வருடம் கட்டிக் காத்த ரோஷம், அதைக் கீழே போடுவது ஒன்றும் லேசான காரியம் இல்லை. ஆனால் எதையும் செய்யத் தொடங்கிவிட்டால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன்.

"இருங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு நீங்க இங்க இருக்கணும். வேணும்னா ஆடியில மட்டும் எங்கிட்டாவது போயிட்டு வாங்க. மத்த பதினோரு மாசமும் எங்கூட இருங்க."

அவர் சிரித்தார். பிறகு வாட்சைக் கழற்றி, முள்ளைத் திருப்பும் திருகை இழுத்துக்கொண்டு, "இப்ப மணி என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன்.